கழற்றாத மாலை

சர்க்கரை நோயாளியோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று யாராவது என்னிடம் கேட்டால், அதற்குப் பதில் போலீஸ் வேலையில் சேர்ந்துவிடுங்கள் என்று சொல்வேன். அங்கே பிடிபட்ட திருடன் நம் பக்கத்திலேயே படுத்துக் குறட்டை விட மாட்டான்.

எங்களுக்குத் தென்காசிப் பக்கம். என் கணவருக்குப் பூனாவில், கேம்ப் என்கிற பகுதியில் இருந்த ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை. குடியிருந்தது ஔந்த்தில் ஒரு சின்ன ஃப்ளாட். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் அவர் ஆபீஸில் எல்லோருக்கும் உடம்பைப் பரிசோதித்தார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "எனக்கு சுகர் இருக்காம்" என்றார். யாருக்கோ டிரான்ஸ்ஃபர் வந்த செய்தியைச் சொல்வது போலத்தான் சொன்னார். பிறகு காப்பி கேட்டார். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகவே கேட்டார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சப்பாத்தி ஓர் உணவு அல்ல, மருந்து. சுகர் வந்தால் ராத்திரி சோற்றை நிறுத்து, சப்பாத்தி சாப்பிடு. இதைச் சொல்ல டாக்டரே வேண்டாம், எதிர்வீட்டுக்காரி போதும். நானும் மறுநாளே கோதுமை மாவை வாங்கிவந்து, ஏதோ பெரிய வைத்தியம் செய்கிற பெருமையோடு உருட்டினேன். கீழ் வீட்டு மராத்திக்காரியை நான் வஹினி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவேன். அவளிடம் போய்ச் சொன்னபோது "அரே தேவா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுடைய மாமனார் பிறந்ததிலிருந்து சப்பாத்தி தின்று சுகர் வந்தவராம். சப்பாத்தியைக் குறையுங்கள், பாக்ரி என்கிற சோள ரொட்டியைச் சாப்பிடுங்கள் என்று அவருக்கு டாக்டர் சொல்லியிருந்தாராம். ஊருக்கு ஊர் மருந்து மாறும் என்று அன்று தெரிந்தது. மனுஷன் மட்டும் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

என் கணவரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து தருவார். இதையெல்லாம் சொல்லித்தான் என் வீட்டில் என்னை அவருக்குக் கொடுத்தார்கள். ஆனால் என் பேச்சைக் கேட்க மாட்டார். ஒன்றல்ல இரண்டல்ல, எதையுமே கேட்க மாட்டார். எதிர்த்தும் பேச மாட்டார். "சரி, சரி" என்பார், தலையை ஆட்டுவார், பிறகு தன் பாட்டுக்குச் செய்வார். சண்டை போடுகிற மனுஷனைத் திருத்திவிடலாம். தலையாட்டுகிற மனுஷனை ஆண்டவனாலும் திருத்த முடியாது என்றுதான் அப்போதெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சர்க்கரை டப்பாவை ஒளித்தேன். இனிப்பு வாங்குவதை நிறுத்தினேன். பாகற்காய், வெந்தயம், நாவல் கொட்டைப் பொடி என்று யார் எதைச் சொன்னாலும் செய்தேன். அப்படியும் சுகர் ஏறிக்கொண்டே போனது. அவருடைய மீசையில் ஒருநாள் வெண்ணெய் வாசனை அடித்தது. மறுவாரம் நான் பஸ் ஏறிக் கேம்ப்புக்குப் போனேன். அவர் ஆபீஸுக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் இரானி டீக்கடை உண்டு. கண்ணாடி மேஜை, வளைந்த மர நாற்காலிகள். அங்கே என் கணவர் ஜன்னலோரமாக உட்கார்ந்து, வெண்ணெய் தடவிய இனிப்பு பன்னைப் பிய்த்து டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தார். பக்கத்துத் தட்டில் பால்கோவா போட்ட ஒரு மாவா கேக் காத்திருந்தது. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை.

நேராக உள்ளே போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார். வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். அப்புறம் சர்வரைக் கூப்பிட்டு, "ஏக் பீக்கா சாய்" என்றார். சர்க்கரை இல்லாத டீ ஒன்று, எனக்கு.

அன்று நான் அந்தக் கடையில் சிரித்துவிட்டேன். இதையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகுதான் தட்டை எறிந்தேன்.

ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் மட்டும் ஒழுங்காக இருப்பார். பரீட்சைக்கு முந்தின நாள் படிக்கிற பையனைப் போல, இரண்டு மூன்று நாள் பாகற்காயாகத் தின்று, டவுன் வரைக்கும் நடந்து, சுகரைக் கீழே கொண்டுவந்து டாக்டரிடம் காட்டுவார். எங்கள் டாக்டர் குரலை உயர்த்தாத மராத்திக்காரர். அவர் மூன்று மாதத்துக் கணக்கை ஒரே ரத்தத்தில் காட்டிக்கொடுக்கிற புதுப் பரிசோதனை ஒன்றை எழுதிக் கொடுத்தார். அதோடு இவருடைய குட்டு வெளிப்பட்டது. டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். மேஜைமேல் படுக்கச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் ஓர் ஊசியால் தொட்டார்.

"குத்துகிறதா?" என்று இந்தியில் கேட்டார்.

"எப்போ குத்தப் போறீங்க?" என்று இவரும் இந்தியில் கேட்டார்.

ஊசி அப்போது கட்டைவிரலுக்கு அடியில் ஏறி நின்றுகொண்டிருந்தது. நான் பார்த்தேன்.

இனிமேல் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, வீட்டுக்குள்ளேயும் கூடாது என்று டாக்டர் சொன்னார். கல் குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது, புண் வந்தால் ஆறாது. நான் அன்றே மெத்தென்று ஒரு ஜோடிச் செருப்பு வாங்கினேன். வீட்டுக்குள் செருப்புப் போடுவதா, தரித்திரம் பிடிக்கும் என்று இவர் அதை வாசலிலேயே விட்டுவிட்டார். செருப்பு வாசலில் கிடந்தது, அவர் உள்ளே நடந்தார். நான் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

இப்படி இருக்கையில் ஒரு கார்த்திகையில் இவர் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார்.

எங்கள் ஊர் வழியாகத்தான் பாதிப் பேர் மலைக்குப் போவார்கள். ஊரில் இருந்த காலமெல்லாம் ஒருநாளும் தோன்றாத பக்தி, அத்தனை தூரம் தள்ளிப் பூனாவில் வந்து தோன்றியது. கிர்க்கியில் ஒரு குருசாமி இருந்தார். நம் ஊர்ப் பக்கத்து மனுஷர்தான், ரிட்டையர் ஆனவர், வருஷா வருஷம் ஒரு கூட்டத்தை மலைக்கு அழைத்துப்போவார். அவரிடம் நானே போய்க் காலைப் பற்றிச் சொன்னேன். அவர் நல்லவர். "உடம்புக்கு முடியாதவங்க செருப்பு போட்டுக்கலாம் சாமி, ஐயப்பன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான்" என்று இவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

"மாலை போட்டுட்டு செருப்பா? நான் போட மாட்டேன்" என்றார் இவர். அந்த விஷயத்தில் மட்டும் தலையாட்டவில்லை.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும். ஒரு மண்டலம் முழுக்க அந்த மனுஷன் விடிவதற்கு முன்னால் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளித்தார். பூனாவின் மார்கழிக் குளிரில்! வெளியே ஒரு வாய் டீ குடிக்கவில்லை. வீட்டில் நான் வைத்ததை, வைத்த அளவில் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். இன்னும் கொஞ்சம் என்று கேட்கவில்லை. இரானிக் கடை இருந்த திசையைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்று அவரோடு வேலை பார்த்தவர் என்னிடம் சொன்னார். நடுவில் ரத்தம் பார்த்தோம். அதுவரைக்கும் அந்த மாதிரி ஒரு நல்ல ரிப்போர்ட் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. டாக்டர் எனக்குக் கைகூப்பினார்.

எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது சுருக்கென்றது. இத்தனை வருஷமாக, பாவம், அவரால் முடியவில்லை என்றல்லவா நினைத்திருந்தேன். நாக்கு அடங்காத ஜென்மம், என்ன செய்வது என்று மன்னித்துக்கொண்டிருந்தேன். முடியும். அவரால் நன்றாகவே முடியும். எனக்காக முடியாது, அவ்வளவுதான்.

அதைச் சொல்லித் திட்டவும் வழியில்லை. மாலை போட்டவரைக் கடுஞ்சொல் சொல்லக்கூடாது, சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் ஹாலில் தனிப் பாயில் படுத்தார். தன் துணியைத் தானே துவைத்தார். நான் தள்ளி நின்று, "சாப்பிட வாங்க சாமி" என்பேன். காலைக் காட்டுங்கள் என்று கேட்டால், "அதெல்லாம் ஐயப்பன் பாத்துக்கிடுவான்" என்று வேட்டியை இழுத்துவிட்டுக்கொள்வார். அதே வெறுங்காலோடு ஸ்கூட்டர் ஓட்டினார், கேம்ப்பின் தெருவெல்லாம் நடந்தார், பிறகு ரயிலேறி மலைக்குப் போய்ப் பம்பையிலிருந்து கல்லிலும் முள்ளிலும் ஏறினார்.

திரும்பி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் தேங்காய் உடைத்து, ஆரத்தி எடுத்து, மலைக்குப் போய் வந்தவரின் காலைக் கழுவி, விழுந்து கும்பிட்டு உள்ளே அழைப்பது வழக்கம். நான் சொம்புத் தண்ணீரை அவர் பாதத்தில் ஊற்றினேன். வஹினி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து நெற்றி அவர் காலில் படப் போகும்போது அந்த நாற்றம் வந்தது. எலி செத்த அறையில் வருமே, அது. அவர் வலது பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குழி. அதற்குள் ஒரு சின்னக் கல் உட்கார்ந்திருந்தது.

"என்ன பாக்கே? எந்திரி" என்றார், சிரித்துக்கொண்டே. அவருக்கு எதுவும் தெரியவில்லை. தோளில் தொங்கிய பையில் அரவணைப் பாயசம் டப்பா டப்பாவாக இருந்தது.

நான் ஆட்டோவுக்கு ஓடினேன். ஒரு வழியாக ஆட்டோவைப் பிடித்துக் கீழே நிறுத்திவிட்டு மேலே வந்தால், இவர் மாலையைக் கழற்றிப் படத்தில் மாட்டிவிட்டு, ஒரு டப்பாவைத் திறந்து கரண்டியால் தின்றுகொண்டிருந்தார். விரதம் முடிந்துவிட்டதல்லவா.

முதலில் கட்டைவிரலை எடுத்தார்கள். பிறகு பக்கத்து விரல்களை. பிறகு விரல்களால் ஆகாது என்று முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போட்டது நான். வெல்லம் தின்றவன் ஒருவன், விரல் சூப்பியவன் ஒருவன் என்பார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "ஐயப்பன் என் காலை எடுத்துக்கிட்டான். அவன் கேட்டா இல்லைன்னு சொல்ல முடியுமா?" என்றார், கண்ணீரோடு.

"ஐயப்பன் உங்ககிட்ட பன்னைத்தான் கேட்டான். காலைக் கேக்கல" என்றேன். பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

வீட்டுக்குப் போகும் நாளில் டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். ஒரு கால் போனவர்களுக்கு இன்னொரு காலும் போவது அடிக்கடி நடப்பதுதான். பாரமெல்லாம் அதன்மேல் விழும். சுகர் அடங்கினால் அது நிற்கும், அடங்காவிட்டால் போகும். இனி அந்த ஒரு காலைக் காப்பாற்றுவதுதான் வேலை என்றார். இதை அவர் தன் நோயாளியிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். எல்லோருக்கும் தெரிந்திருந்தது, யாரிடம் சொன்னால் பயன் உண்டு என்று. யாரிடம் சொல்லியும் பயனில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

கால் போன மனுஷன் திருந்துவான் என்று நினைப்பவர்கள் கால் போன மனுஷனோடு வாழ்ந்திருக்க மாட்டார்கள். செயற்கைக் கால் வந்தது, ஆபீஸுக்குப் போகிற ஆட்டோ வந்தது, அதோடு பரிதாபமும் வந்து சேர்ந்தது. முன்பெல்லாம் திருட்டுத்தனமாகத் தின்றவருக்கு இப்போது ஊரே கொண்டுவந்து கொடுத்தது. ஹோலி வந்தால் வஹினி நெய் ஊற்றிய பூரண் போளி கொண்டுவருவாள். "பேச்சாரே, பாவம், எவ்வளவு கஷ்டம் அவருக்கு" என்பாள். கணபதி வந்தால் மோதகம். மாம்பழக் காலத்தில் ஆம்ரஸ். நான் பிடுங்கினால் அவர் தன் வெட்டுப்பட்ட காலைத் தடவுவார். "இருக்கதும் போகப் போகுது. போற வரைக்கும் திங்கேன்" என்பார். மாத்திரையோடு ஊசியும் போடத் தொடங்கினோம். ஊசிதான் போடுகிறோமே என்று இன்னும் இரண்டு தின்றார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருக்கும். ஒரு காலை நேரத்தில் அவருடைய இடது குதிகாலில் ஒரு கொப்புளத்தைப் பார்த்தேன். தக்க சமயத்தில் பார்த்ததால் மருந்தில் ஆறியது, ஆனால் ஆற மாதக்கணக்கானது. அந்த மாதங்களில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும். எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. மலைக்குப் பெண்கள் போகலாம் என்று சொல்லப்பட்ட வயது வந்துவிட்டது. கிர்க்கிக்குப் போய்க் குருசாமி முன்னால் நின்றேன்.

"யாருக்காக சாமி?" என்று கேட்டார்.

"அவரு காலுக்காக" என்றேன். பொய் இல்லை.

துளசி மாலை கழுத்தில் ஏறியது. கறுப்புப் புடவை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பெண்களை மாளிகைப்புறம் என்று அழைப்பதுதான் முறை. ஆனால் இவர் என்னைக் கண்டதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "சாமியே சரணம்" என்று கைகூப்பினார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் எனக்காக அவர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

மாலை போட்டவர் வாயிலிருந்து வருவது ஐயப்பன் வாக்கு. இதை நான் சொல்லவில்லை, அவரே தன் விரதத்தில் எனக்கு ஆயிரம் தடவை சொன்னது. மாலை போட்டவரிடம் பொய் சொல்லக்கூடாது. அவர் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லக்கூடாது, கொடுக்காததைக் கேட்கக்கூடாது. நான் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அவர் சட்டத்தை எடுத்து அவர்மேலேயே போட்டேன். தட்டில் ஒரு பாக்ரி, கீரை, மோர் வைத்துத் தள்ளினேன். சாப்பிட்டார். வீட்டுக்குள் போடுகிற அந்த மெத்துச் செருப்பை இடது காலுக்கு எடுத்து வைத்தேன். ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். "சாமி சொல்லுதேன், போடுங்க" என்றேன். போட்டுக்கொண்டார்.

ஒவ்வொரு சாயங்காலமும், "இன்னைக்கு வெளியே என்ன சாப்பிட்டிய?" என்று கேட்பேன். முதல் வாரத்திலேயே ஒருநாள் தலையைக் குனிந்துகொண்டு, "ஆபீஸ்ல ஒருத்தருக்குப் பேரன் பொறந்திருக்கான். ரெண்டு பேடா" என்றார். எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் மாலை போட்டவருக்கும் கோபம் ஆகாது. அதே சட்டம் என் கழுத்திலும் கிடந்தது. இத்தனை வருஷம் வைத்திருந்த வசவையெல்லாம் விழுங்கிவிட்டு, "சரணம் ஐயப்பா" என்றேன். அன்று ராத்திரி அவருக்கு மட்டும் தட்டு வைத்தேன்.

"நீங்க சாப்பிடலையா சாமி?"

"வீட்டுல விரதம் கெட்டுப் போச்சு. யாராவது ஒருத்தர் பட்டினி கிடந்து சரி பண்ணணும்லா?"

அவர் சாப்பிட முடியாமல் எழுந்திருக்கப் பார்த்தார். "சாமி வச்சதை மிச்சம் வைக்கப்படாது" என்று சொல்லி உட்காரவைத்தேன். அழுதுகொண்டே சாப்பிட்டார். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் இரக்கமாக இல்லை. நல்ல பசி எடுத்தது, அவ்வளவுதான். அதன் பிறகு பேடா, ஜிலேபி என்று வந்த நாட்கள் மிகக் குறைவு. வந்த நாளெல்லாம் நான் பட்டினி கிடந்தேன்.

எங்கள் மகள் அப்போது பெங்களூரில் வேலையில் இருந்தாள். லீவுக்கு வந்தவள் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "அம்மா, நீ அப்பாவ டார்ச்சர் பண்ற. திஸ் இஸ் க்ரூயல்" என்றாள்.

"ஆமா" என்றேன். "போயி ரிப்போர்ட்டைப் பாரு."

ரிப்போர்ட் அவ்வளவு நன்றாக வந்தது. குதிகால் பூப்போல ஆறிவிட்டது. ஒரு மண்டலம் முடிந்து மலைக்குப் போக வேண்டிய நாளும் வந்தது. போய் வந்தால் மாலையைக் கழற்றியாக வேண்டும். கழற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அரவணை டப்பாவை நான் மறக்கவில்லை. ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லை என்று குருசாமியின் கூட்டத்தோடு போகாமல் நின்றேன். மலையில் ஒவ்வொரு மாசமும் முதலில் ஐந்து நாள் நடை திறப்பார்கள், அடுத்த மாசம் போகலாம் என்றேன். அடுத்த மாசம் முதுகு வலித்தது. அதற்கடுத்த மாசம் மழை. மாலை கழுத்திலேயே கிடந்தது.

முதலில் இவர் நம்பினார். பிறகு கெஞ்சத் தொடங்கினார். "இந்த மாசமாவது மலைக்குப் போயிட்டு வாங்க சாமி" என்பார். நாக்குச் செத்துப்போன மனுஷனின் குரல் அது. அதற்குள் ரிட்டையரும் ஆகி வீட்டிலேயே இருந்ததால் தப்பிக்கவும் இடமில்லை. தினமும் காலையில் அவருடைய இடது காலை என் மடியில் வைத்து, விரல் இடுக்கு, அடிப்பாதம் என்று கண்ணாடி பிடித்துப் பார்ப்பேன். சாமி வந்து தன் காலைத் தொடுகிறதே என்று அவர் கூசிப்போய்க் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். உணர்ச்சியே இல்லாத காலுக்கு அவ்வளவு கூச்சம்.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேலேயே ஓடிவிட்டது. கடைசியில் குருசாமியே படியேறி வந்தார். "இது முறையில்ல சாமி. மாலைங்கது மலைக்குப் போறதுக்கு. போறதா இருந்தா போங்க, இல்லைன்னா நானே கழத்திடுதேன். மனுஷனை இப்படிக் கட்டிப் போடப்படாது" என்றார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. நான் திட்டிப் பழகியவள். வாயை அடக்கி அடக்கி நெஞ்செல்லாம் புளித்துக் கிடந்தது. அவரும் தேறிவிட்டார், பழக்கம் வந்துவிட்டது, இனி மாலை இல்லாமலும் இருப்பார் என்று எனக்கே ஒரு நம்பிக்கை வந்திருந்தது. அந்தக் கார்த்திகையில் கூட்டத்தோடு எனக்கும் ஒரு டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். இவர் முகம் மலரும் என்று பார்த்தேன். எழுந்து உள்ளே போய்விட்டார்.

இருமுடி கட்டுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், தேங்காய்க்குள் ஊற்ற நெய்யை உருக்கிக்கொண்டிருந்தேன். ஊன்றுகோல் சத்தம் கேட்டது. சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"போகாதீங்க சாமி" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். வாசலை விட்டு நகரவில்லை.

"ஒரு வருஷமா போ போன்னு கெஞ்சினது நீங்கதானே?"

"அப்போ கெஞ்சினேன். இப்போ போகாதீங்கன்னு சொல்லுதேன். போயிட்டு வந்தா அதைக் கழத்திருவீங்க. கழத்தினா..." அவர் என் கழுத்திலிருந்த மாலையையே பார்த்தார். "கழத்தினா நீ வெறும் பொண்டாட்டிதானே. உன் பேச்சை நான் எப்போ கேட்டிருக்கேன்? இந்தக் காலும் போயிரும்."

அவர் அதை என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. பயத்தில், உள்ளதை உள்ளபடி சொன்னார். மாலை போட்டவரிடம் பொய் சொல்லக்கூடாதல்லவா. எனக்கு வலித்தது. முப்பது வருஷத்துச் சமையல், ஆஸ்பத்திரியில் போட்ட கையெழுத்து, நான் கிடந்த பட்டினி எல்லாவற்றுக்கும் சேர்த்து வலித்தது. என் பெயரில் இருக்கிற எதையும் அவர் மதிக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அது அவருக்கும் தெரியும் என்பதுதான் அன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

அடுப்பை அணைத்தேன். குருசாமிக்குப் போன் செய்து, எனக்கு உடம்புக்கு முடியவில்லை, நான் வரவில்லை என்றேன்.  "சரி மாளிகைப்புறம்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் கண்ணாடியை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். வழக்கம்போல அவர் கூசிக் காலை இழுத்துக்கொண்டார்.

"சாமி சொல்லுதேன், காலை நீட்டுங்க" என்றேன்.

நீட்டினார். ஐந்து விரலும் இருந்தன.